மாமாவுக்கு ஜாமீன் கிடைத்தது

அன்புள்ள சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். உன் மாமாவுக்கு நேற்று ஜாமீன் கிடைத்துவிட்டது. வாங்கிக் கொடுத்தது நான். யாரோ சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தக் கோர்ட்டில் முதன்முதலாகக் கறுப்பு கவுன் போட்ட பெண் நான், அதை மாட்டிக்கொள்ள ஓர் அறைகூடக் கிடையாது, பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய மூலையில் மாட்டிக்கொள்வேன், வெளியே உன் மாமாதான் காவலுக்கு நிற்பார். அப்படிப்பட்ட அண்ணன் மந்திரியாக இருந்தபோது ஆலை வாசலில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி செத்தான். அவன் மனைவிக்காக அரசாங்கத்தை எதிர்த்து வாதாடி ஜெயித்தேன். அன்றோடு மாமா பேச்சை முறித்துக்கொண்டார், உன் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

இப்போது ஆட்சி மாறி, நில வழக்கு ஒன்றில் அவரை உள்ளே தள்ளியதும் கட்சி வக்கீல்களில் ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்னொருத்தருக்கு வெளியூர்ப் பயணம். சர்க்கரை ஏறிக் கால் வீங்கிக் கிடக்கிறார் என்று உன் அத்தைதான் அழுதுகொண்டு ஓடி வந்தாள். சிறைக்குப் போனேன். "எனக்கு எதிரா பேசின வாய் எனக்காகப் பேச வேணாம்" என்றார். "அன்னிக்கும் வக்கீலாத்தான் பேசினேன், இன்னிக்கும் அப்படித்தான், கையெழுத்தப் போடுங்கண்ணா" என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் சிறை வாசலுக்குக் காய்ச்சல்காரர் உட்பட எல்லாரும் வந்துவிட்டார்கள். தோளில் தூக்காத குறையாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை, அது எனக்குப் பழகிப்போனது. மனசை அறுப்பது வேறு. அதற்கு முன்னால் கோர்ட் தாழ்வாரத்தில் அந்தத் தொழிலாளியின் மனைவி நின்றிருந்தாள். வேறு வேலையாக வந்தவள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் மாமாவுக்காக வாதாடியதை எல்லாம் கேட்டிருக்கிறாள். "நல்லாத்தான் பேசுனீங்கக்கா, அன்னிக்கு எனக்குப் பேசுன மாதிரியே" என்றாள். அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டாள். யார் கேட்டாலும் வக்கீல் நிற்கத்தான் வேண்டும் என்று அவள் போன பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்தது தப்பில்லை, சிட்டு. ஆனாலும் நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மாமாவுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கால் வீக்கத்தை விசாரி, என் பேரை எடுக்காதே. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். வக்கீலம்மா என்று விளையாட்டாகக் கையெழுத்துப் போடுவேனே, இன்றைக்கு அது வேண்டாம்.

உன்
அம்மா