அன்னாசி டிசைன் வேண்டாம், வசந்தி

என் வாயாடி வசந்திக்கு,

நீ ஆசையா நூல்ல பின்னிக் கொடுத்த டிவி கவரைப் பிரிச்சுட்டேன். ஒரு இழை விடாம, முழுசா. கோவம் வந்தா வரட்டும். போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ? நானும் கேக்கலை.

முதல்ல சேதி. உன் மக கயலுக்குப் பொண்ணு பிறந்திருக்கா. போன புதன்கிழமை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில. அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. மூக்கு மட்டும் உன் மூக்கு, பாவம்.

உன் மகளுக்கு நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச வாரத்துலயே நீ ஒரேயடியா கிளம்பிட்ட. தலைப்பிரசவம் தாய் வீட்டுல, தாயில்லாம. உன் வீட்டுக்காரர், அதான் அண்ணன், என்ன செய்வார்? ஆத்துல தண்ணி வந்தாச்சு, குறுவை நடவுக்கு ஆள் தேடி அலையறார். அதனால உன் நாத்தனார் ராஜாமணி பெட்டியோட வந்து இறங்கினாங்க. வந்த அன்னிக்கே சாவிக்கொத்து அவங்க இடுப்புக்குப் போயிடுச்சு.

பிள்ளைக்குக் குரோஷா ஊசியில நூல் பின்னி ஒரு போர்வை போடப் போறேன்னு சொன்னேன். அவ்வளவுதான். "பிறக்கறதுக்கு முன்னாடி புது நூல் ஒரு இழைகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. முதல்ல போத்தறது பழைய துணியாத்தான் இருக்கணும். இதுகூடத் தெரியாதா?"ன்னு கேட்டாங்க. இதை விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். அப்புறம் குரலைத் தணிச்சு, "பிள்ளை பெத்தவ கையால செஞ்சாலும் பரவாயில்ல. நீ எதிர்வீடு. உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"ன்னாங்க.

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. கயல் காய்ச்சல்ல கிடந்தப்போ யார் மடியில கிடந்தா? பேச்சு வந்த நாள்லேருந்து அவ என்னைப் பெரியம்மான்னுதானே கூப்பிடறா? வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். புது நூல்தானே ஆகாது? பீரோவைத் திறந்தேன். பெட்டி டிவி போனதுலேருந்து உன் கவர் அதுலதான் கிடந்தது. பருத்தி நூல், துவைச்சுத் துவைச்சுப் பூ மாதிரி ஆயிருந்துச்சு. பிரிக்க ஆரம்பிச்சேன்.

பிரிக்கப் பிரிக்க, நீ பின்பக்கமா ஒளிச்சு வெச்ச முடிச்சு அத்தனையும் வெளிய வந்துச்சுடி. பதினேழு முடிச்சு! "என் வேலையில ஒரு முடிச்சுகூட இருக்காது"ன்னு எத்தனை தடவை பீத்திக்கிட்டிருப்ப? தனியா உக்காந்து சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன், அதையும் எழுதிடறேன்.

அடுத்தது டிசைன். நீ இருந்தா கண்ணை மூடிக்கிட்டு அன்னாசி டிசைன்னுதான் சொல்லுவ. உனக்குப் படம் அழகா இருந்தாப் போதும். யார் மேல போடப் போறோம், எந்த மாசம், எத்தனை தடவை துவைப்போம், எதையும் பாக்க மாட்ட. கயல் பிறந்தப்போ சித்திரை வெயில்ல கம்பளி நூல்ல சொக்காய் போட்டு, பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்ததை மறந்துட்டியா? அன்னிக்கும் சொன்னேன், நீ கேக்கலை.

அன்னாசியில அங்கங்க ஓட்டை. பச்சப்பிள்ளை விரல் போய் மாட்டிக்கும். சிப்பி டிசைன் கனம். பூ பூவா ஒட்டறது கன்னத்துல உறுத்தும். எல்லாத்தையும் தள்ளிட்டு, ஓட்டையே தெரியாத சாதா வரிசையை எடுத்தேன். நெருக்கிப் போட்டா விறைச்சுக்குமேன்னு ஒரு சைஸ் பெரிய ஊசியில தளர்வாப் போட்டேன். முதல்ல உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு. அதைத் துவைச்சு, காய வெச்சு, பகல் முழுக்க என் கழுத்துல வெச்சுக்கிட்டே சமைச்சேன். அரிக்கலை. சரி, இதுதான்னு முடிவு பண்ணேன். பாக்க ஒண்ணுமே இருக்காது, பளிச்சுன்னு எதுவும் கிடையாது. நீ உதட்டைப் பிதுக்கியிருப்ப. பிதுக்கிக்கோ.

புதன்கிழமை பிரசவ வார்டு வாசல்ல நானும் நின்னேன். யாரும் கூப்பிடலை, நானாத்தான் பஸ் ஏறிப் போனேன். நர்ஸ் கதவைத் திறந்து, "கயல்விழி வீட்டுக்காரங்க யாரு? பிள்ளைக்குப் பழைய துணி குடுங்க"ன்னாங்க. ராஜாமணி முந்திக்கிட்டு, உன் மாமனாரோட பழைய வேட்டியை நீட்டினாங்க. என்ன பண்ணி வெச்சிருந்தாங்க தெரியுமா? நல்ல காரியத்துக்குப் போற துணியாச்சேன்னு, சோத்துக் கஞ்சி போட்டு, நீலம் முக்கி, மடிப்பு கலையாம இஸ்திரி பண்ணியிருந்தாங்க!

நர்ஸ் தொட்டுப் பாத்தாங்க. "என்னம்மா, அப்பளம் மாதிரி இருக்கு? பிள்ளைத் தோல் கிழிஞ்சிடும். வேற இல்லையா?"

நான் போர்வையை நீட்டினேன். "புதுசா?"ன்னு கேட்டாங்க. "பழைய நூல்மா. கொதிக்க வெச்சு அலசினது"ன்னேன். கன்னத்துல ஒத்திப் பாத்துட்டு, "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க.

ராஜாமணி என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அண்ணன் குனிஞ்சு தரையைப் பாத்தார். என் குரல் நடுங்கலை வசந்தி.

"பாட்டி"ன்னேன்.

நர்ஸ் வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. அவ்வளவு சுலபமா முடிஞ்சுது. ராஜாமணி பக்கத்துல வந்து, "பிள்ளைக்கு வேர்க்காதுல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க. "வேர்க்காதுங்க"ன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே ஃபிளாஸ்க் காப்பியைத்தான் குடிச்சோம். நாளைக்கு அவங்க திரும்ப ஏதாவது சொல்லுவாங்க. சொல்லட்டும், நான் எங்கயும் போகப் போறதில்ல.

உனக்கு ஒரு வாக்கு தர்றேன். பிள்ளை நடக்கட்டும், விரல் மாட்டாத வயசு வரட்டும். அன்னிக்கு உன் அன்னாசி டிசைன்லயே ஒரு கவுன் போட்டு, யார் என்ன சொன்னாலும் நானே போட்டுவிடுவேன். முடிச்சு இல்லாமப் போடுவேன், அது வேற விஷயம்.

அம்மான்னு ஒருத்தரும் கூப்பிடாதவ, நேரா பாட்டியாவே ஆயிட்டேன்டி.

இப்படிக்கு,
உன் பேத்திக்குப் பாட்டி,
மல்லிகா