நெட் இல்லாத சனிக்கிழமை

குற்றாலம்,
ஆடி 5

அன்புள்ள சங்கரம்மாளுக்கு இசக்கியப்பன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? முதியோர் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற எழுத்தில், நானே மெதுவாக எழுதுகிறேன்.

நான் வாட்ச்மேனாக இருக்கும் லாட்ஜில் யாருக்கு எந்த அறை என்பதை மேனேஜர் ஸ்ரீதேவி நெட்டில்தான் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை நெட் லைனை மாற்றினார்கள். "போன்ல அந்த லிஸ்ட காப்பி எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி, பயப்படாதீய" என்றாள். நானோ முந்தின நாளே, எழுதிப் பழகலாம் என்று, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, சனிக்கிழமை பதினான்கு அறைக்கும் வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் நோட்டில் எழுதியிருந்தேன்.

நெட் நின்ற நேரத்தில் இரண்டு குடும்பங்கள் நனைந்தபடி வந்தன. "ஏழாம் நம்பர் எங்களுக்குத்தான்னு சொன்னாவ!" என்று இரண்டும் சண்டை. ஸ்ரீதேவி போனைத் திறந்தால், அதில் இருந்தது போன வாரக் காப்பி! நான் நோட்டை நீட்டினேன். என் எழுத்து அடுத்தவருக்குப் புரியுமா என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் திக்காமல் வாசித்தாள்: "ஏழு, தளவாய், ஆலங்குளம். ஒன்பது, முத்துராஜ், புளியங்குடி." இருவரும் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். "இனிமே நீங்கதான் எங்க கம்ப்யூட்டர்" என்று அவள் சிரிக்கிறாள்.

உன் போனில் சிம் மாற்றப்போவதாக நம் மகன் மாரி சொன்னான். அதற்கு முன் எல்லா நம்பரையும் தாளில் எழுதிக்கொள். என் நம்பரை முதலில் எழுது. அவன் வரும்போது நீ இடித்த பருப்புப்பொடி கொடுத்துவிடு. இங்கே சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது.

வேன் வந்துவிட்டது, கேட்டைத் திறக்க வேண்டும். ஸ்ரீதேவிக்குப் புரிந்த எழுத்து உனக்கும் புரியும். மாரியிடம் கொடுக்காமல் நீயே வாசி.

இசக்கியப்பன்