படத்தில் வராத குரல்

ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில் டயர் மாற்றப் போயிருந்தேன். கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே, வேலை செய்கிறவர் நம்மாள். அடுக்கி வைத்த புது டயர்களின் ரப்பர் வாசம் முகத்தில் அடிக்க, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு அந்த வாசமே ஆகாது. ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். அதை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ரேடியோவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள்.

சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "யக்கா, இது நம்ம ஈப்போ பொண்ணு பாடுனது, தெரியுமா? போன வருசம் தவறிப் போச்சுலா, பாவம்."

"அது அவ பாடுனது இல்லண்ணே."

"இல்லக்கா, எங்க மாமா அந்தப் பொண்ணு வீடு இருந்த தாமான்லதான் இருந்தாரு. அவரே சொல்லியிருக்காரு."

"நானும் அந்தத் தாமான்லதான் இருந்தேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். செத்தவள் மேலேயும் பொறாமைப்படுகிற பொம்பளை என்று நினைத்திருப்பார். திரும்பிச் சக்கரத்தை முடுக்க ஆரம்பித்தார். நீ ஊரறிய மைக்கைப் பிடித்துச் சொன்ன விஷயம் இத்தனை வருடமாகியும் ஈப்போவின் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடம் போய்க் கத்துவது? உனக்குத்தான் எழுதுகிறேன்.

சென்னையில் சினிமாவுக்குப் பாடப் போகிறேன் என்று நீ கிளம்பியபோது நம் தோட்டத்தை ஏற்கெனவே செம்பனை எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். லயத்து வீடுகளில் இருந்த எல்லாரும் ஈப்போ ஓரத்தில் இருந்த தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். உன் வீடும் என் வீடும் ஒரே சுவர். உன் அப்பா சுண்ணாம்புக் கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், உன் அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். நான் கிளினிக்கில் பெயர் பதிகிற வேலையில் சேர்ந்திருந்தேன். விசா முடியும்போதெல்லாம் நீ ஊருக்கு வருவாய். உன் அப்பா உன்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "படத்துல வந்துச்சா?"

வரவில்லை. நீ பாடியதெல்லாம் ட்ராக். அதை எனக்குப் புரியவைக்கவே நீ படாத பாடுபட்டாய். பெரிய பாடகிக்கு நேரம் கிடைக்காதபோது பாட்டை முதலில் வேறொருத்தி பாடிப் பதிவு செய்வாள். அதை வைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு பெரிய பாடகி வந்து, அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே தானும் பாடிவிட்டுப் போவார். முதலில் பாடியவளை எடுத்துவிடுவார்கள். எப்போதாவது, இசையமைப்பாளருக்குப் பிடித்துப் போனால், எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அந்த எப்போதாவதை நம்பித்தான் வடபழனியில் ஒரு பெண்கள் விடுதியில் நீ வருடக்கணக்காகக் கிடந்தாய்.

உன் அப்பா பொறுமைசாலிதான், ஆனால் சொந்தக்காரர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. வயசுப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று கல்யாண வீடுகளில் அவர் காதுபடவே பேசினார்கள். ஒரு தடவை நீ வந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டார். "வார தீவாளிக்குள்ள உன் குரல் ஒரு படத்துல வரணும். வரலன்னா பாஸ்போட்ட என்கிட்ட குடுத்துறணும், பிள்ள." நீ சரி என்றாய். உன் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

தீபாவளிப் படம் ஒன்றில் சின்னப் பாட்டு. ரேடியோவுக்கெல்லாம் பிறகுதான் வந்தது, அப்போது சீடியில்கூடச் சேர்க்காமல் படத்தில் மட்டும் வருவது. நீ ட்ராக் பாடினாய். இசையமைப்பாளரின் உதவியாளர், "உன் குரலையே வச்சுக்குவார் போல இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. நீ போனில் உன் அம்மாவிடம் "பாடிட்டேம்மா, இருக்கும் போல" என்றாய். அந்தப் "போல" மட்டும் தாமானுக்குள் வந்து சேரவே இல்லை. கோவில் தலைவர் பேனருக்குச் சொல்லிவிட்டார். முதல் நாள் காலைக் காட்சிக்கு ஒரு முழு வரிசையைப் பிடித்துவிட்டார்கள். உறுதியாகக் கேட்டுச் சொல்லேன்டி என்றேன். படம் வெளியாகிற வாரம் வரைக்கும் குரலை மாற்றுவார்கள், யாரிடம் கேட்டாலும் தெரியாது என்பார்கள் என்று நீ சொன்னாய். தீபாவளிக்கு ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை.

தியேட்டரில் நீ எனக்கு இடப்பக்கம், உன் அம்மா உனக்கு அந்தப் பக்கம். உன் அப்பா வரிசையின் கடைசி நாற்காலியில், லாரிக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். டைட்டிலில் பாடியவர்கள் பெயர்களெல்லாம் கும்பலாக ஓடி மறைந்தன. விசில் சத்தத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் வரிசை முழுக்க உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ இல்லை என்று தலையாட்டுவாய். இடைவேளையில் உன் அப்பா எல்லாருக்கும் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார். என் பங்கை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு, கதாநாயகி வீட்டைவிட்டுப் போகிற இடத்தில் வாத்தியம் எதுவும் இல்லாமல் அந்தப் பாட்டு தொடங்கியது. முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்துக் கோவில் பஜனைக் காலத்திலிருந்து உன் பக்கத்தில் நின்று பாடியவள் நான், எனக்கா தெரியாது? அது நீ இல்லை. உன்னைப் போல வளைந்தது, உன்னைப் போலவே இழைந்தது, ஆனால் குரல் அந்தப் பெரிய பாடகியுடையது. நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே அழுந்தியது.

அதற்குள் உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எம் பிள்ள, எம் பிள்ள" என்று விசும்பினார். அதைப் பார்த்து வரிசை முழுக்கக் கை தட்டியது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் மாட்டினார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தியேட்டர் கழிப்பறையில் வைத்து நாம் சண்டை போட்டோம். வெளியே உன்னோடு படம் எடுக்க ஊரே காத்துக்கொண்டிருந்தது.

"சொல்லப் போறேன்" என்றாய்.

"பைத்தியமாடி உனக்கு? வாய மூடிக்கிட்டு இருந்தா பாஸ்போட் உன் கையில. திரும்பிப் போ, வேற பாட்டு பாடு, அப்ப எல்லாம் சரியாப் போயிரும்லா."

"என் குரல எடுத்துட்டு அவங்க குரலப் போட்டாங்க. அது தொழிலு. அவங்க பாடுனத நான் பாடுனேன்னு சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு என்ன?"

"உங்க அம்மா மூஞ்சியப் பாத்தியா?"

நீ குழாயைத் திறந்துவிட்டாய். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய், எல்லாரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டாய். நீ மனசு மாறிவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கோவில் மண்டபத்தில் உனக்குப் பாராட்டு. உன் முகம் போட்ட பேனர், மாலை, ஈப்போவிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர். முதல் வரிசையில் உன் அம்மா தீபாவளிச் சேலையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தபோது நீ கையெடுத்துக் கும்பிட்டு, "கொஞ்சம் இருங்கண்ணே" என்று மைக்கை வாங்கினாய்.

"படத்துல வார குரல் என்னுது இல்ல. நான் பாடுனேன், உண்மைதான். ஆனா அத எடுத்துட்டாங்க. நீங்க கேட்டது வேற ஒருத்தங்கள. மன்னிச்சிருங்க."

தலைவர் விரித்த பொன்னாடையை மடிப்பதா போர்த்துவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். வேறொரு நாளாக இருந்தால் நாம் இரண்டு பேரும் அதை நினைத்து நினைத்துச் சிரித்திருப்போம். உன் அம்மா எழுந்து, யாரையும் பார்க்காமல் நடுவழியே நடந்து வெளியே போனார். அன்றைக்கே பாஸ்போர்ட்டை டிவி மேல் கொண்டுபோய் வைத்தாய். உன் அப்பா எடுத்து அலமாரியில் பூட்டினார். கோபமாகக்கூட இல்லை. சொன்ன சொல் சொன்னதுதான் அவருக்கு.

இதில் உன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்றைக்கும் பாதி இருக்கிறது. ஊருக்கு உண்மை வேண்டியிருக்கவே இல்லை. நீ சொன்ன மறுவாரமே "அடக்கமான பிள்ள, அதான் அப்படிச் சொல்லுது" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாருமே ஏற்றுக்கொள்ளாத ஒரு உண்மைக்காக நீ கடைத்தொகுதியில் வாசனைத் தைலம் விற்றுக்கொண்டு நின்றாய். சனி ஞாயிறுகளில் கல்யாணங்களில் பாடினாய். அந்தப் பாட்டைக் கேட்டுத் துண்டுச் சீட்டு வந்தால் கசக்கிப் போட்டுவிடுவாய். எல்லாவற்றையும்விடக் கொடுமை, உன் அம்மா உன்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் வழியாகத்தான் இரண்டு பேரும் பேசிக்கொண்டீர்கள். "மழ வருது, துணிய எடுக்கச் சொல்லு" என்பார் என்னிடம், நீ பக்கத்தில் நிற்கும்போதே.

ஒன்றிரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து அதே உதவியாளர் போன் செய்தார். வேலை இருக்கிறது, ஆனால் எல்லாம் ட்ராக்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் உங்கள் வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா விடமாட்டாரு சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

உன் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்திவிட்டு, முன்னறையில் இருந்த உன் அப்பாவுக்குக் கேட்கும்படி பேசினார்.

"ஏங்க. அன்னைக்குப் படத்துல அது இவ குரல் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? வாயத் தொறக்காம இருந்தா நீங்க இவளத் திரும்ப அனுப்பிருவீங்கன்னுதான் சும்மா இருந்தேன். இந்தக் கழுத மைக்கப் புடிச்சு எல்லாத்தையும் கெடுத்துருச்சு."

நீ திரும்பினாய். "அப்ப ஏம்மா அழுத?"

அவர் உன்னைப் பார்த்தே பதில் சொன்னார், அத்தனை காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "குரலு வேற. மூச்சு உன்னோடது. நீ எங்கெங்க மூச்சு விடுவியோ அங்கதான் அந்தம்மாவும் விட்டுச்சு. வரிக்கு வரி நீ இருந்த. நான் ஒண்ணும் பொய்யா அழுவல."

முன்னறையில் டிவி சத்தம் நின்றது. அலமாரிச் சாவியின் சத்தம் கேட்டது. உன் அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார், உன்னிடம் நேராகக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. "வருசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போவச் சொல்லு" என்றார். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுது தீர்த்தேன்.

அதன் பிறகு உன் பிழைப்பு அதுதான். வருடக்கணக்கில் ட்ராக், கோரஸ், விளம்பரம், பக்திப் பாட்டு. உன் குரலிலேயே வந்தது ஒரே ஒரு தாலாட்டு, அந்தப் படமும் வந்த சுவடு தெரியாமல் போனது. "என் பாட்டெல்லாம் ஓகோன்னு ஓடுதுடி, நான்தான் அதுல இல்ல" என்று சிரிப்பாய். புகாராக ஒரு நாளும் சொன்னதில்லை. உன் அப்பாவின் சாவுக்கு வந்தாய். கடைசியில் நோயோடு வந்தாய், திரும்பிப் போகவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் உன் அம்மாவுக்குத் துணை. காய் நறுக்கிக் கொடுப்பேன், நகம் வெட்டிவிடுவேன், அவர் ரேடியோ கேட்பார். கண் சரியாகத் தெரிவதில்லை, காது அப்படியே இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு விரலைத் தூக்கி, "இங்க" என்பார். அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நீ மூச்சு விடுகிற இடமாம். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். இன்றைக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் எனக்கு வார்த்தை கேட்பதில்லை, அந்த இடைவெளிதான் கேட்கிறது. இது ஒரு தொல்லை, நீ எனக்கு விட்டுவிட்டுப் போன தொல்லை.

போன சனிக்கிழமை ஒரு புதுப் பாட்டு வந்தது. இந்த வருடப் படம், நீ போன பிறகு பதிவு செய்தது, உன் ட்ராக் இருக்க வழியே இல்லை. உன் அம்மாவுக்கு அது தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் விரலைத் தூக்கினார். "இங்க பாரு. மூச்சு விடுறா."

உண்மை பேசுவதில் உனக்கு இருந்த பிடிவாதம் எனக்குக் கிடையாது என்று நீயே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாய். ஆனால் "ஆமா அத்த" என்று நான் சொன்னது அவரைச் சமாதானப்படுத்த இல்லை. எனக்கும் கேட்டது.