சூப்பர்வைசரின் பாஷை

பிப்ரவரி 8, சனி

காலையிலிருந்து மழை. பஸ் வரவில்லை, நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

மையத்தில் எனக்கு இந்த வாரத்திலிருந்து சந்திப்பு அறை. கோர்ட் உத்தரவால் பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் வாரம் ஒரு மணி நேரம் அங்கே வந்து பிள்ளையைப் பார்க்கலாம். நீலப் பாய், பொம்மைக் கூடை, கால் ஆடும் மேஜை, மூலையில் ஒரு நாற்காலி. நாற்காலி எனக்கு. பார்ப்பதை எழுத வேண்டும். இதற்கு முன் எழுதியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

இன்று வந்தவள் வேறு பாஷை பேசும் ஊரிலிருந்து வந்தவள், இங்கே ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்கிறாள். இரவு ஷிப்டுக்குப் போகும்போது ஆறு வயது மகளைத் தூங்கவைத்து வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் புகார் கொடுக்க, குழந்தையை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டுவிட்டார்கள். இப்போது பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டாள். மார்ச்சில் விசாரணை. பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று நம் அறிக்கைகளையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

முழு நேரமும் அவள் மகளிடம் பேசியது இவ்வளவுதான்: "உக்காரு. நேரா. கை காட்டு. இதை எடு. கீழ போடாத. சீக்கிரம்." முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவாள் போல இருக்கிறது, வாயைத் திறந்தால் அதட்டல். குழந்தை சொன்னதையெல்லாம் செய்துவிட்டு என்னைப் பார்த்தது.

அறிக்கையில் ஒரு கட்டம்: "அன்பைத் தெரிவிக்கும் சொற்கள்". முன்பு எழுதியவர் ஒவ்வொரு வாரமும் "இல்லை, கட்டளைகள் மட்டும்" என்று நிரப்பியிருக்கிறார். எனக்குக் கை வரவில்லை. காலியாக விட்டேன்.

பிப்ரவரி 15, சனி

கேட்டுவிட்டேன். குழந்தையைக் கூட்டிப்போன பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம். "இந்த ஊர் பாஷையை எங்க கத்துக்கிட்டீங்க?"

"கம்பெனில. சூப்பர்வைசர்."

வீடு வரும் வரைக்கும் அதே யோசனை. இத்தனை வருடமாக அந்த ஆள் அவளிடம் என்ன பேசியிருப்பான்? எடு, வை, நேரா நில்லு, கீழ போடாத, சீக்கிரம். அவளிடம் இருப்பதும் அவ்வளவுதான். கொஞ்சுவதற்கு எந்த சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தான்? அறைக்குள் பொதுமொழியில், அதாவது இந்த ஊர் பாஷையில், மட்டுமே பேச வேண்டும் என்று விதி போட்டது நாங்கள். பெற்ற பிள்ளையிடம் சூப்பர்வைசரின் பாஷையில் பேச வைத்துவிட்டு, அன்பில்லை என்று எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவதும் நாங்களேதான்.

பிப்ரவரி 17, திங்கள்

நிர்வாகியிடம் போனேன். மையத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'நடைமுறை'. கெட்டவர் இல்லை. எதைக் கேட்டாலும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

"அவங்க சொந்த பாஷையில பேச விடுங்க சார்."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கேம்மா. நமக்குப் புரியாத பாஷையில குழந்தையை மிரட்டினா? கோர்ட்ல இப்படிச் சொல்லுன்னு சொல்லிக்கொடுத்தா? அதெல்லாம் நடந்திருக்கு."

"அப்போ மொழிபெயர்க்க ஒரு ஆள் போடுங்க."

"சனிக்கிழமை ஆள் கிடைக்காது. அந்த பாஷைக்கு எந்தக் கிழமையும் கிடைக்காது."

மிரட்டுவது பற்றி அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. வாசலில் எத்தனையோ மொழிகளில் 'நல்வரவு' எழுதி மாட்டியிருக்கிறோம். அந்த மொழிகளுக்கெல்லாம் வாசல் வரைக்கும்தான் அனுமதி போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரொம்பப் பேசினா வேலை போயிடும்டி" என்றார். போகட்டும் என்றேன். "உனக்கென்ன, வீட்ல உக்காந்து என்னைக் கண்காணிப்ப. கஷ்டம் எனக்குத்தானே." சிரிப்பு வந்தது, ஆனால் கோபம் போகவில்லை.

பிப்ரவரி 22, சனி

செய்துவிட்டேன்.

கதவைச் சாத்தி, "உங்க பாஷையில பேசுங்க" என்றேன். அவள் நம்பவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினாள். நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறைத்துக்கொண்டேன். என் உடம்புக்கு அது பெரிய காரியம் இல்லை.

அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். குழந்தையின் பெயர் எனக்குத் தெரியும், அது பெயர் இல்லை. வீட்டில் கூப்பிடுவதாக இருக்கும். "அப்படிக் கூப்பிடாத, நான் பெருசாயிட்டேன்" என்று குழந்தை பொதுமொழியில் முறைத்தது. முறைத்துக்கொண்டே மடியில் ஏறியது. பிறகு இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள் — என்ன பேச்சு, நிறுத்தவே இல்லை. குழந்தைக்கு நடுநடுவே சொற்கள் மறந்துபோக, அவள் எடுத்துக்கொடுத்தாள். அது வாயைத் திறந்து காட்டியது, அவள் விரலை விட்டு எதையோ ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் மடியிலேயே தூங்கிவிட்டது.

அறிக்கையில் எழுதியது: "விதியை மீறித் தாய்மொழியில் பேச அனுமதித்தது நான். பேசியதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. குழந்தை தாயின் மடியில் தூங்கியது. எழுப்ப மனமில்லாமல் நேரம் முடிந்தும் சற்று விட்டேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

"இதைத் திருத்திக் கொடுங்க" என்றார் நடைமுறை.

"மாட்டேன் சார்."

"ஒரு சொல்லும் புரியலன்னு நாமளே எழுதினா மையத்தோட மானம் என்னாகும்?"

"புரியலங்கறது உண்மைதானே சார்."

சந்திப்பு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து எனக்குக் கீழே கிடங்கு, நன்கொடைத் துணி பிரிக்கும் வேலை. ஆனால் அறிக்கையை அவர் கிழிக்கவில்லை. கையெழுத்தான அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டுமாம், அது நடைமுறை. அந்தச் சொல் முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

மார்ச் 1, சனி

கிடங்கு. மூட்டை மூட்டையாகக் குளிர்காலத் துணி. தலைக்கு மேலேதான் சந்திப்பு அறை, காலடிச் சத்தம் கேட்கிறது.

யாரை உக்கார வெச்சிருக்காங்களோ. மறுபடியும் எடு, வைதானா? நான் பண்ணினது அவளுக்கே எதிராத் திரும்பிட்டா என்ன பண்றது? "அவதான் விதிய மீற வெச்சா"ன்னு அவ தலையில கட்டிட்டா? மேல ஏறிப்போய் நாலு வார்த்தை கேக்கலாம்னு படிக்கட்டு வரைக்கும் போனேன். கேட்டா என் திமிருக்கு அவ பிள்ளைதான் விலை. வாயை மூடிக்கிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆனா பண்ணினது தப்புன்னு மட்டும் யாரும் என் வாயால சொல்ல வைக்க முடியாது.

மார்ச் 6, வியாழன்

கோர்ட்டில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

நீதிபதி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "புரியாத மொழியில பேச விட்டிருக்கீங்க. மிரட்டியிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மிரட்டினவங்க மடியில குழந்தை தூங்காதுங்க அம்மா."

"அது உங்க ஊகம்."

"ஊகம்தாங்க. அன்பு இல்லைன்னு வாராவாரம் எழுதினதும் ஊகம்தான். அவங்களுக்குத் தெரிஞ்ச சொல்லெல்லாம் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தது. அதை மட்டும் வெச்சு என் பையனை வளர்க்கச் சொல்லியிருந்தா, அவனையும் இந்நேரம் வேற வீட்லதான் விட்டிருப்பீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

உத்தரவு: இனிச் சந்திப்புகள் தாய்மொழியில், மொழிபெயர்ப்பாளரை மையமே ஏற்பாடு செய்ய வேண்டும், அந்த அறிக்கைகளைப் பார்த்தபின் தீர்ப்பு. என்னையும் கண்டித்தார், விதியை மீறியதற்கு. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

எந்தக் கிழமையும் கிடைக்காத மொழிபெயர்ப்பாளர் சனிக்கிழமையே கிடைத்திருக்கிறார். சந்திப்பு முடிந்து கிடங்குக்கு டீ குடிக்க வந்தார். "உள்ள பேசினதைச் சொல்லக் கூடாதுங்க" என்றார். நானும் கேட்கவில்லை. டீயை முடித்துவிட்டு, "ஒண்ணு மட்டும். முக்கால்வாசி நேரம் விழுந்த பல்லைப் பத்தித்தான். தலைவலியே வந்துருச்சு" என்று போனார்.

துணிக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 28, திங்கள்

குழந்தை வீட்டுக்குப் போகிறது. நடைமுறையே படி இறங்கி வந்து சொன்னார். சாவியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விதி இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, மற்ற குடும்பங்களுக்காக. அதை எடுக்கச் சொல்லி மனு எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவரிடமும் நீட்டினேன். யோசிக்கிறேன் என்றார்.

மே 17, சனி

இரண்டு பேரும் கிடங்குக்கு வந்தார்கள், குழந்தைக்கு மழைக்கோட்டு வேண்டுமாம். நான் தேடுவதற்குள் அது நான் மடித்து வைத்த துணிக் குவியலில் ஏறிக் குதித்தது. எல்லாம் சரிந்து விழுந்தது. அவள் பிடித்துக்கொண்டு திட்டினாள். அவள் பாஷையில், கையை ஆட்டி ஆட்டி. குழந்தையும் அதே பாஷையில் பதிலுக்குப் பதில் கொடுத்தது.

சட்டென்று நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பேனா இருக்கிறதா என்று. என் கையில் ஒரு சின்ன மழைக்கோட்டு மட்டும் இருந்தது.

"நல்லாத் திட்டுங்க" என்றேன்.

மிச்சத்தையும் திட்டி முடித்தாள்.