அவள் வாங்கிக் கொடுத்த டீ

பழவேற்காடு
18-11-1986

அன்புள்ள மகன் திருவேங்கடத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நைனா, தங்கை லட்சுமி, நான் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், வடக்கே அந்தக் குளிர் ஊரில் படிக்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டும். திருப்பாலைவனம் ரோட்டில் தண்ணீர் ஏறி நாலு நாள் பஸ் வரவில்லை, அதனால் உன் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. முகத்துவாரம் நன்றாகத் திறந்துகொண்டது, ஏரியில் இறால் வருகிறது, லட்சுமி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தின் மேலேயே தூங்குகிறாள். வீட்டுச் சேதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் உன்னைத் திட்டுவதற்கு.

ஜூலையில் நீ எழுதின முதல் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பூட்டின குளிர் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், வெளியே இருபது மேஜையில் இருபது பேர், ஆளுக்கொரு கறுப்புத் திரை, எல்லாரும் அந்த ஒரே மிஷினிடம்தான் வேலை வாங்குகிறோம் என்று எழுதியிருந்தாய். எல்எஸ் என்று தட்டினால் உன் பேரில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகக் காட்டுமாம், ஆர்எம் என்று தட்டினால் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடுமாம், முதல் வாரமே உன் பாடத்தை நீயே அழித்துவிட்டுத் திருதிரு என்று விழித்ததை எழுதினபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இருபது பேருக்கும் அது முறை வைத்து நேரம் கொடுக்கிறது, நம் ஏரியில் சீட்டுப் போட்டு இன்றைக்கு இன்னார் வலை நாளைக்கு இன்னார் வலை என்று பாடு பிரிக்கிற மாதிரிதான் அம்மா என்று எழுதினது நீதான், நான் இல்லை.

இப்போது என்ன எழுதியிருக்கிறாய்? மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர் தட்டும்போது அவர் விரலையே பார்த்து அவருடைய ரகசியச் சொல்லைத் தெரிந்துகொண்டாயாம். அவர் பேரில் உள்ளே போய், யார் யார் வேலை ஓடுகிறது என்று பார்த்து, பெரிய வேலையாக இருப்பதைக் கில் என்று தட்டி நிறுத்திவிடுகிறாயாம், அப்புறம் உன் வேலை குடுகுடு என்று ஓடுகிறதாம். நைனா வாசலில் நின்று இதை நாலு பேருக்கு முன்னால் சத்தமாகப் படித்துவிட்டு, இன்னா மூளை பாருய்யா எம்புள்ளைக்குனு தொடையைத் தட்டிக்கொண்டார். அந்த நாலு பேரும் பல்லைக் காட்டினார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேனோ என்னவோ. உன்னோடு படிக்கிற பீகார்ப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அவள் வேலையை நாலு தடவை நிறுத்தினாயாம், தான்தான் ஏதோ தப்பாகத் தட்டுகிறோம் என்று அவள் அழுதாளாம், நீ கெட்டிக்காரன் என்று உன்னிடமே வந்து எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்லச் சொன்னாளாம். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடுகிற மாதிரி நடித்தாயாம். அதற்கு அவள் டீ வாங்கிக் கொடுத்தாளாம், நீ குடித்தாயாம். சீ. நான் பெற்ற பிள்ளை செய்கிற வேலையா இது திருவேங்கடம். இந்த மாதக் கடைசிக்குள் அவள் வேலையை முடித்துக் கொடுக்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அதையும் நீயே எழுதியிருக்கிறாய், மழை பெய்தது வெயில் அடித்தது என்று எழுதுகிற மாதிரி. நேற்று நான் சாப்பிடவில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது நம் வலைக்குச் சீட்டு விழுந்த நாளில் வேதாசலம் விடிவதற்கு முன்னால் வந்து தன் வலையைக் கட்டிவிட்டான், ஞாபகம் இருக்கிறதா? நாம் போய்ப் பார்த்தால் நம் இடத்தில் அவன் வலை. நீ ஆத்திரத்தில் அழுதுகொண்டே அவன் வீட்டுக் கதவில் சேற்றை வாரி அடித்தாய். ஒரு வருஷம் அவனுக்குச் சீட்டுக் கிடையாது என்று குப்பம் கூடித் தீர்ப்புச் சொன்னபோது எல்லாரையும்விட உரக்கக் கத்தினவர் உன் நைனா. நேற்று அதே வாயால்தான் மூளை மூளை என்றார். அதை நான் கேட்டதற்கு, இது மிசினுமே, மீனு இல்ல, யாருக்கு இன்னா நஷ்டம்னு என்னையே அதட்டுகிறார். வேதாசலமாவது நம் இடத்தைத்தான் எடுத்தான். நமக்கு வலை கட்டத் தெரியாது என்று நம்மையே நம்ப வைக்கவில்லை.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போய், உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த உம்மு ஹானி டீச்சரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் பேனாவை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல உன் புரொபசருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார், நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது, கீழே என் கையெழுத்து. நைனாவிடமும் சொல்லிவிட்டேன், எம்புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போடுறியேமேனு அழுதுவிட்டார். உன் படிப்பு போனாலும் போகும், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அப்படியே உன்னைத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு வா, சோறு உண்டு.

இந்தக் கடிதத்தை இன்றைக்கே போடுகிறேன். புரொபசர் கடிதத்தைச் சனிக்கிழமை போடுவேன். நடுவில் இருக்கிற நாலு நாள் நான் உனக்குக் கொடுப்பது. அது போய்ச் சேருவதற்குள் நீயே அவர் முன்னால் நின்று சொல்லிவிடு, அதற்கும் முன்னால் அந்தப் பெண்ணிடம் சொல், அவள் தட்டினதில் ஒரு தப்பும் இல்லை என்பதை முதலில் சொல். அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லக் கற்றுக்கொண்டு போ.

உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் வரட்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன், இன்றைக்குப் புத்தியைத்தான் முதலில் கேட்டேன். மறந்துவிடாதே, இங்கே சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தபால் பை கட்டுவார்கள். நான் பத்து மணிக்கே போய் நின்றுவிடுவேன்.

உன் அம்மா
தே. குப்பம்மா