துண்டுக்குள் மூன்றாவது கை

அன்பு மாப்பிள்ளை ஞானமுத்துவுக்கு,

நீ போன இடத்துக்குத் தபால் போகாது. அதனால்தான் இதைப் பத்திரிகையில் போடச் சொல்லிவிட்டேன். அம்பாசமுத்திரமே உட்கார்ந்து வாசிக்கட்டும். அடுத்த வீட்டுச் சங்கதியை ஒட்டுக்கேட்பது நம் ஊருக்கு என்ன புதுசா?

முதலில் என் கேவலத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது நீ சொன்னாயே, "பம்பாயில யாவாரத்துக்குன்னே காலேஜ் தொறந்திருக்காவளாம் மச்சான், நீரு போய்ப் படிச்சிட்டு வாரும்" என்று. நிஜமாகவே போனேன். தலையில் பாதி நரை, பையில் பாளையங்கோட்டையில் எப்போதோ பாஸான எப்.ஏ. சர்டிபிகேட்டு, சாக்கில் புளியும் கருவாடும். வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். புரொபசர் என்று நினைத்துவிட்டார்களாம். நானும் மறுக்கவில்லை, உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். அப்புறம்தான் நிஜப் புரொபசர் வந்தார். அவர் என் தம்பி வயசு.

வியாபாரம், நிர்வாகம், சந்தை என்று சர்வகலாசாலைப் பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடித்த புஸ்தகம். கூலியாளை எப்படி நடத்துவது, வாங்க வருகிறவன் மனசை எப்படிப் படிப்பது என்றெல்லாம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படித்ததெல்லாம் தூக்கத்தில்தான்.

ஒரு நாள் புரொபசர், "உங்கள் ஊரில் விலை எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டார். துண்டுக்குள் கையை விட்டு, வாயைத் திறக்காமல், விரலைப் பிடித்துப் பேசுவோம் என்றேன். எத்தனை விரல் பிடிக்கிறோமோ அதுதான் கணக்கு, விரலை மடக்கிவிட்டால் 'கொடுக்கிறதில்லை' என்று அர்த்தம், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. "செய்து காட்டும்" என்றார். மேல்துண்டை விரித்தேன். அவர் கையை உள்ளே விட்டார்.

நல்ல உச்சி வெயில். சிரித்துக்கொண்டிருந்தவர் பையச் சிரிப்பை நிறுத்தினார்.

"உமது இடது கை எங்கே?"

தூக்கிக் காட்டினேன்.

"அப்படியானால் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பது யார்?"

துண்டை உதறினேன். உள்ளே எங்கள் இரண்டு கைதான். ஆனால் அவர் மணிக்கட்டில் ஈரமாய் விரல் தடங்கள் இருந்தன. அதில் சுட்டுவிரல் பாதிதான். கரும்பாலையில் நசுங்கிப் பாதியாய்ப் போன உன் விரலை எனக்குத் தெரியாதா மாப்ளே?

நான் பயப்படவில்லை. அறைக்குப் போய்க் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டது குளிருக்காக. பம்பாயில் சித்திரை மாசம் குளிருமா என்று நீ கேட்கக் கூடாது.

படிப்பை ஒரு வழியாய் முடித்து ஊர் வந்தேன். உன் நெல் மண்டியை என் தங்கச்சி அன்னம்மாள் தினமும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிகள்தான் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. விலை பேச வேண்டுமே. தாலியறுத்த பெண் துண்டுக்குள் அந்நிய ஆம்பிளையின் விரலைப் பிடித்தால் ஊர் சும்மா விடுமா? விரல் பிடிக்காவிட்டால் யாவாரம் ஏது?

"ஏளா, மண்டியை வித்துட்டு எங்கூட வந்திரு" என்றேன்.

"வித்துட்டா நான் யாருண்ணே? ஒங்க அடுக்களையில ஒரு மூலையா?"

படித்தவன் அதைக் காதில் வாங்குவானா? மண்டியை வாங்கக் கேட்டிருந்த களக்காட்டு அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்ததும் ஒரு மத்தியானம்தான். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. ஆணியில் தொங்கிய உன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்தேன்.

"என்னவே, துண்டு நனைஞ்சிருக்கு?" என்றார் அண்ணாச்சி.

உன் காய்ச்சலுக்கு நெற்றியில் நனைத்துப் போட்டதோடு சரி, அப்புறம் யாரும் நனைக்கவில்லை. கையை விட்டோம். அவர் சொன்ன விலை தோதாகத்தான் இருந்தது. சரி என்று நான் ஓர் அழுத்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது எங்கள் கைகளுக்கு நடுவே இன்னொரு கை வந்தது. ஆற்றடிச் சகதி மாதிரிச் சில்லென்று இருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் மடக்கியது.

"உள்ள எத்தனை பேருவே இருக்கீய!" என்று கத்திக்கொண்டு அண்ணாச்சி வாசலைத் தாண்டிவிட்டார். செருப்பு இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. கேட்டு ஆள் வரவில்லை. உபதேசியாரிடம் சொன்னேன். "ஆவி கீவின்னு ஒளறாதேயும், ஜெபம் பண்ணும்" என்றார். அதைத் தெருவில் நின்றபடியே சொன்னார், உள்ளே வரவில்லை.

அன்னம்மாள் மட்டும் அலறவில்லை. என் கையைத் திருப்பி, அதில் ஈரமாய்ப் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள். பாதி விரல் பதிந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஒங்களத் தேடிப் பம்பாய் வரைக்கும் வந்திருக்காக. இங்கனயே கெடக்க எங்கிட்ட ஒருநாளும் வரலியே அண்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டுக்குள்தான் வருவாயா நீ? அதற்குள் கைவிட அவளை நாங்கள் யாரும் விடவில்லையே!

மறுநாளே பம்பாய்ப் படிப்பில் தூங்காமல் கேட்ட ஒரே பாடத்தை எடுத்தேன். கரும்பலகை ஒன்று வாங்கி, விலையை எழுதி, வாசலில் மாட்டினேன். எல்லாருக்கும் அதே விலை, யாரும் யார் விரலையும் பிடிக்க வேண்டாம். "மண்டியாவே, பள்ளிக்கூடமாவே?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் வண்டிகள்தான் முதலில் வந்து நின்றன. உன் இடத்தில் இப்போது அன்னம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். என்னையே அதட்டுகிறாள். மண்டி விற்பனைக்கில்லை மாப்ளே.

உன் துண்டு மட்டும் ஆணியில் அப்படியே தொங்குகிறது. எந்த வெயிலிலும் காய மாட்டேன் என்கிறது. உச்சிப்பொழுதில் உள்ளே ஏதோ இருப்பது மாதிரிப் புடைத்துக்கொள்கிறது. அன்னம்மாள் வேலையை விட்டுவிட்டு அதையே பார்க்கிறாள். நான் கூரையைப் பார்க்கிறேன்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் துண்டை அவள் மடியில் விரித்துவிட்டு நான் ஆற்றுக்குக் குளிக்கப் போய்விடுவேன். ஒட்டுக்கேட்க மாட்டேன். என் குணத்துக்கு இதைவிடக் கஷ்டமான வாக்கு கிடையாது, உனக்கே தெரியும். இனி என் கையை விட்டுவிடு. அவள் கையைப் பிடி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிரு.

இழுத்துக்கொண்டு மட்டும் போய்விடாதே, மாப்ளே. நான் குளித்துவிட்டு வரும்போது அவள் இங்கன இருக்க வேண்டும்.

சீக்கிரமே குளித்துவிட்டு வரப்போகிற,
உன் மச்சான்,
அன்னம்மாளுக்கு ஒரே அண்ணன்.