ஆடி மாதத்து அண்டா

18.6.2008, புதன்

முகூர்த்த நாள். மூன்று கல்யாண மண்டபம். மத்தியானப் பந்தி முடிந்ததும் டிரைவர் வீரையா வண்டியை எடுத்தான். மிச்சச் சோறும் சாம்பாரும் எண்பது பேருக்குத் தேறியது. வழக்கம்போல நான் முதலில் ஒரு கை தின்று பார்த்தேன். கெடவில்லை. முதியோர் இல்லத்தில் இறக்கினோம்.

இல்லத்துப் பாட்டி சோலையம்மாள் கேட்கிறாள், "மஜீதா வரலையா?" ஏழு வருஷமாக நான் சோறு கொண்டுபோகிறேன். இன்றைக்கும் நான் அவளுக்கு வெறும் "சோத்துக்காரம்மா"தான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவளுக்குப் பெயர் தெரிந்திருக்கிறது.

29.6.2008

மிச்சம் இருக்கிறதென்று இரண்டு மண்டபத்திலிருந்தும் மஜீதாவுக்குத்தான் போன் போட்டிருக்கிறார்கள். ஏன், என் போன் செத்தா போச்சு?

14.7.2008, திங்கள்

ஆடி பிறக்கப்போகிறது. கல்யாணம் கிடையாது, மிச்சச் சோறும் கிடையாது. வருஷா வருஷம் அண்டாக்களை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றக் கொடுத்துவிட்டு ஷெட்டைப் பூட்டுவேன். அந்த மாதம் முழுக்க இல்லத்தில் கஞ்சிதான்.

இன்று மஜீதா சொன்னாள்: "அக்கா, எங்க ஆளுகளுக்கு ஆடி ஏது? இருபத்தேழாந்தேதி வாவு முகம்மது மாமா மகளுக்கு நிக்காஹ். மிச்ச பிரியாணிய நமக்குத் தாரேன்னுட்டாக. அண்டா மட்டும் எடுத்து வைங்க."

ஏழு வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லையே! பக்கத்துத் தெருவில்தான் பள்ளிவாசல் இருக்கிறது. வயிறு எரிகிறது. அவள் சொன்ன யோசனை நல்ல யோசனை என்பதுதான் இன்னும் எரிகிறது.

25.7.2008, வெள்ளி

கோயில்காரர்கள் வந்தார்கள். எத்தனை அண்டா தருவீர்கள் என்றார்கள். "அம்புட்டையும் தூக்கிட்டுப் போங்க" என்றேன்.

27ஆம் தேதி மறந்துவிட்டதா? மறக்கவில்லை.

27.7.2008, ஞாயிறு

நூற்றிருபது பேருக்கு மிச்சம். ஷெட்டில் ஒரு அண்டாகூட இல்லை. மஜீதாவும் வீரையாவும் பாத்திரத்துக்கு ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் சூட்டோடு அள்ளி மூடியிருக்கிறார்கள். இல்லத்துக்கு வந்து சேர மாலை ஆறு ஆகிவிட்டது. ஒரு கை எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பு.

பிரியாணி வருகிறதென்று இல்லத்தில் அடுப்பே மூட்டவில்லை. எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் மஜீதா, "என் தப்புதான் சார். அண்டா வேணும்னு அக்காட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

நான் — ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும். சொல்லல.

பின்னால் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டினோம். வீரையா பன் வாங்கிவந்தான். சோலையம்மாளுக்குப் பல் இல்லை. தண்ணீரில் நனைத்துத் தின்றாள்.

28.7.2008

காலையிலேயே மஜீதா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வேணும்னுதான் அண்டாவக் குடுத்தேன், உம்மேல பொறாமை, என்று அப்படியே.

வாசல் கூட்டுவதை நிறுத்தாமல், "தெரியும்க்கா. சாவி உங்க இடுப்புலதான இருக்கு" என்றாள்.

"பெறகு ஏன்டி பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"உள்ளதச் சொன்னா உங்கள நாளைக்கு உள்ள விடுவாகளா? சோத்த வாயில வச்சே நல்லது கெட்டது சொல்ல வேற யாரு இருக்கா?"

திட்டியிருந்தால் தேவலாம். எனக்கு ஏன் இப்படி ஒரு மனசு வாய்க்கவில்லை? பார், இதிலும் பொறாமை.

3.8.2008, ஞாயிறு

கோயிலிலிருந்து அண்டாக்களைத் திருப்பி வாங்கியாச்சு. ஷெட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி மஜீதாவிடம் கொடுத்தேன். கீழக்கரையில் ஒரு நிக்காஹ். பிரியாணியை வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவைத்து, நான் ஒரு கை, அவள் ஒரு கை தின்று பார்த்தோம். இரண்டு மணிக்கெல்லாம் இல்லத்தில் பந்தி போட்டோம். ஏழு வருஷத்தில் ஆடியில் இதுதான் முதல் பந்தி.

கறியைப் பிய்த்துக் கொடுக்கச் சொல்லி சோலையம்மாள் மஜீதாவைத்தான் கூப்பிட்டாள். கூப்பிடட்டும். நான் அடுத்த தட்டுக்குச் சோறு அள்ளினேன்.